போற ஊரு முதல்ல

வலது தோள்பட்டைக்குள் யாரோ உளியை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல வலித்தது மாதவராஜுக்கு. வெயில் ஏறினால் அடங்கிவிடுகிற வலி, இன்று உச்சி வெயிலிலும் அடங்கவில்லை. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, ஒழுங்காக ஒரு வாய்ச் சோறில்லை. வலது கையை மேசைமேல் வைப்பதற்கே இடது கையால் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது, அடுத்தவன் கையைத் தூக்கி வைக்கிறமாதிரி.

ஏரியூர் போகும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஜல்லி கிரஷர் அது. பின்னால் கல்குழி, நடுவில் கிரஷர், முன்னால் லாரி ஏறி நிற்கிற எடைமேடை. எடைமேடையை ஒட்டித் தகரம் போட்ட ரூம். அதில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவன் மாதவராஜ். அவனும் ஒரு காலத்தில் குழிக்குள் துளை போட்ட ஆள்தான். பாறை பெயர்ந்து தோள்மேல் விழுந்த அன்றைக்கு மற்றவர்கள் மேலே ஓடினார்கள். அர்ச்சுனன் மட்டும் கடப்பாறையோடு கீழே வந்தான். கல்லை நெம்பித் தள்ளி, இவனை மூட்டையாட்டம் முதுகில் போட்டுக்கொண்டு ஏறினான். வத்தல்மலைக்காரன், ஏற்றம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. "என்னாடா இந்தக் கனம் கனக்கற, களிய உருண்ட உருண்டையா முழுங்குவியா?" என்று பாதி வழியில் கேட்டான். அந்த வலியிலும் இவனுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த அர்ச்சுனன் இப்போது தருமபுரியில் பிணவறையில் கிடந்தான்.

முந்தாநாள் காலையில் வைத்த வெடியில் ஒரு துளை வெடிக்காமல் நின்றுவிட்டது. மருந்து உள்ளேயே இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அடுத்த துளையைப் போடச் சொன்னான் சூப்பர்வைசர் தீர்த்தகிரி. அர்ச்சுனன் முடியாது என்றான். கூட இருந்தவர்களை மேலே ஏற்றி டீ குடிக்க அனுப்பிவிட்டு, "உனுக்கு அவசரமுன்னா நீ எறங்கிப் போடு. என் ஆளுங்க எறங்க மாட்டாங்க" என்று சொல்லித் திரும்பினான். திரும்பினவன் பின்மண்டையில் தீர்த்தகிரி கையிலிருந்த கடப்பாறை இறங்கியது. விழுந்த பிறகும் இன்னொரு தடவை இறங்கியது. பிறகு தீர்த்தகிரியே பொக்லைனில் ஏறி மேலிருந்து கல்லைச் சரித்தான். கல் சரிந்து ஆள் செத்தான் என்று ஊருக்குச் சொன்னான்.

ரூமின் பின்ஜன்னல் வழியாக மாதவராஜ் அதை முழுக்கப் பார்த்தான். ஜன்னலுக்கு மேலே மாட்டியிருந்த கேமராவும் பார்த்தது.

போலீஸ் வந்து கேட்டபோது தீர்த்தகிரி பக்கத்தில் நின்று காது குடைந்துகொண்டிருந்தான். அவன் வூட்டு வாசலைத் தாண்டித்தான் மாதவராஜ் தன் வூட்டுக்குப் போகவேண்டும். பெண்டாட்டி தண்ணீர் பிடிப்பதும் அவன் தோட்டத்துக் குழாயில்.

"லோடு ஏத்திட்டிருந்தனுங்க சார். பாக்கலீங்க" என்றான் மாதவராஜ்.

கேமரா இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேமராவுக்கு வூடு இல்லை, பெண்டாட்டி இல்லை, பயமில்லை. அது பேசட்டும்.

போலீஸ் போன கையோடு தீர்த்தகிரி எல்லோருடைய டச் போனையும் பிடுங்கிக்கொண்டான். கேட்டில் டவுசர் பையைக்கூட உதறிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். "கேமராவுல இருக்கறத அழிச்சிடு" என்று மாதவராஜிடம் சொன்னான். "அழிச்சிட்டனுங்க" என்றான் இவன். அழிக்கவில்லை. பெண்டாட்டியின் பட்டன் போன் ஒன்று மட்டும் ரூம் தரையில் விரித்திருந்த சாக்குக்கு அடியில் கிடந்தது. அதுதான் இப்போது முனகியது.

கூப்பிட்டது அர்ச்சுனனின் தங்கை தேவிப்பிரியா. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிற பெண்.

"மாதவண்ணா, நீ பாத்தியா?"

"கேமரா பாத்திருக்குதும்மா."

"நான் கேமராவக் கேக்கல."

"நான் சொன்னா நாளைக்கு மாத்திப் பேச வெச்சிடுவாங்க தேவி. அது சொன்னா சொன்னதுதான். நேத்தே சொன்னனே, அனுப்பிடறேன்."

அழுகிறாளா என்று காதை அழுத்திக் கேட்டான். இல்லை.

"செரி. என் கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சிருக்கேன். அதோட நம்பரும் பாஸ்வேர்டும் சொல்றேன். உள்ள அண்ணன்னு ஒரு ஃபோல்டர் போட்டிருக்கேன், காலியாக் கெடக்குது. அதுல கொண்டாந்து போடு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடறேன், அங்க கையெழுத்துக் கேக்கறாங்களாம். கடையில கூட வேல செய்யற தீர்த்தம்மாக்காவப் பாத்துக்கச் சொல்லியிருக்கேன்."

இரண்டையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. லாரி மேடையில் ஏறி நின்றிருந்தது.

"பென்னாகரம்! ரெண்டாங்குழி!" என்று டிரைவர் கத்தினான். "என்னாய்யா, உள்ள குடும்பம் நடத்தறியா? சீக்கிரம் அடி!"

எடைச் சீட்டின் முதல் கட்டத்தில் போற ஊரு. அடுத்த கட்டத்தில் எந்தக் குழிக் கல். நான்கு வருஷமாக அதே வரிசை. டிரைவர்களும் அந்த வரிசையில்தான் கத்துவார்கள். மாதவராஜின் விரல்கள் அவனைக் கேட்காமலே அதை அடித்தன. சீட்டைக் கிழித்து நீட்டினான். லாரி போனது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்தான்.

அந்தத் திரையில் அவனுக்குத் தெரிந்தது ஒரே வேலை. பெங்களூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வைத்துக்கொடுத்த ஆள் ஆர்சிங்க் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருந்தான். சாயங்காலமானால் அன்றைய எடைக் கணக்கும் கேமராவில் பதிந்ததும் தருமபுரியில் இருக்கிற முதலாளி வூட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும். "மொதல்ல சொல்ற எடத்துல என்னா இருக்குதோ அதான் ரெண்டாவது எடத்துலயும் இருக்கும். மொதல்ல இல்லாதது ரெண்டாவதுல இருந்தா, அத அழிச்சிடும். கண்ணாடி மாதிரி" என்றான் அந்த ஆள். அவனே ஒருமுறை அடித்துக் காட்டினான். அதற்கப்புறம் மாதவராஜ் அதை அடித்ததே இல்லை. மேல் அம்புக்குறியை ஒரு தட்டு, என்டரை ஒரு தட்டு. பழைய வரி தானாக வந்து நிற்கும், வேலை நடக்கும். அந்தப் பக்கத்துப் பழையதை எல்லாம் அழிக்கிறேன் அழிக்கிறேன் என்று வரிவரியாக ஓடும். அது ஓடி நின்றால் வூட்டுக்குக் கிளம்பலாம் என்று அர்த்தம்.

முந்தாநாளும் நேற்றும் சாயங்காலம் கை பழக்கத்தில் அப்படித்தான் தட்டிவிட்டுப் போனான். கொலை பதிந்த படம் முதலாளி வூட்டுக்கும் போயிருக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது.

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம்.

"மாதவராசு!" தீர்த்தகிரியின் குரல். "அழிச்சிட்டேன்னு சொன்னியேடா?"

"அழிச்சிட்டனுங்க."

"அப்புறம் மொதலாளி வூட்டுல சினிமா ஓடுதே, அது யாரு அனுப்பனது? உங்கப்பனா? கதவத் தொற."

"லோடு கணக்குப் போட்டுட்டிருக்கேன், வர்றனுங்க."

கதவில் சம்மட்டி இறங்கியது. தகரம் உள்பக்கமாகக் குழிந்தது. மாதவராஜ் காலால் மேசையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தான். இதற்குப் பழைய வரி கிடையாது. இந்த இடம் புதுசு. முழுசாகத் தானே அடிக்கவேண்டும். உள்ளங்கை வியர்த்து நம்பர் கலைந்துகொண்டிருந்தது. இரண்டாவது அடியில் மேல்கீல் பிய்ந்து இவன் காதை உரசிக்கொண்டு போனது. ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவன் குனிந்து அடித்தான். ஆர்சிங்க். அதன் வால் எழுத்துகள். தேவியின் நம்பர். அண்ணன். பிறகு தன் கேமரா ஃபோல்டர். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, மறுபடியும் அடித்து, என்டரைத் தட்டினான்.

வரிவரியாக ஓடியது. தினமும் ஓடுகிறமாதிரியே ஓடி நின்றது. இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குமேல் நினைக்க விடவில்லை, கதவு மேசையோடு சேர்ந்து அவன் நெஞ்சில் வந்து விழுந்தது.

தீர்த்தகிரியும் லோடர் ஓட்டுகிறவனும் உள்ளே வந்தார்கள். முதல் உதை விலாவில். மூச்சு நின்றது. மாதவராஜ் கைக்கு எட்டிய ஜாக்கி ராடை எடுத்து, படுத்த வாக்கிலேயே தீர்த்தகிரியின் முழங்காலில் வீசினான். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. "அய்யோ ஆத்தா!" என்று அவன் ஒற்றைக்காலில் குதித்தான். இன்னொன்று வீசுவதற்குள் லோடர்க்காரன் அந்தப் பழைய தோள்மேல் பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்றுவிட்டான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது.

"கையப் புடி. மேசமேல வெய்யி" என்றான் தீர்த்தகிரி.

கீபோர்டின்மேலேயே கையை விரித்துப் பிடித்தார்கள். சம்மட்டி வந்தது. எழுத்துக் கட்டைகள் சோளப்பொரியாட்டம் தெறித்தன. விரல்கள் எங்கே முடிகின்றன, கட்டைகள் எங்கே ஆரம்பிக்கின்றன என்று தெரியவில்லை. மாதவராஜ் கத்திய கத்தலில் கிரஷர் சத்தம் அமுங்கிப்போனது. அடுத்த குத்து வாயில். பல் ஒன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் பெட்டியை ஒயரோடு பிய்த்துத் தூக்கிக்கொண்டு போனான் லோடர்க்காரன். ஓடிக்கொண்டிருந்த கிரஷர் வாயில் போட்டான். கருங்கல்லையே மெல்லுகிற வாய். ஒருதரம் விக்கியது, பிறகு அரைத்துத் தள்ளியது.

தரையில் கிடந்தபடி மாதவராஜ் சிரித்தான். ரத்தம் குமிழ்விட்டது.

"என்னாடா சிரிக்கற?"

"போயிடுச்சுடா. நீ அரைச்சது வெறும் டப்பா. படம் ஊரு போய்ச் சேந்தாச்சு."

தீர்த்தகிரியின் முகம் சாம்பலானது. இன்னொரு உதை விட்டான், ஆனால் அதில் பழைய பலம் இல்லை. "இவனப் பாத்துக்க, வெளிய விடாத" என்று வாசலில் லோடர்க்காரனை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஜீப்புக்கு ஓடினான்.

சாக்குக்கு அடியில் பட்டன் போன் முனகியது. முழங்கையால் இழுத்து, மூக்கால் பட்டனை அழுத்தி, தரையில் போட்டுக் காதை அதன்மேல் வைத்துப் படுத்தான்.

"எப்பண்ணா அனுப்புவ? தீர்த்தம்மாக்கா பாத்துட்டே இருக்கறாங்க. இன்னும் காலியாத்தான் கெடக்குதாம்."

"அனுப்பிட்டனே தேவி."

"ஒண்ணும் வரல."

அப்போதுதான் தான் அடித்த வரி அவன் கண்முன் வந்தது. தேவியின் நம்பர் முதலில். தன் ஃபோல்டர் பின்னால். போற ஊரு முதல்ல, குழி அப்புறம். லாரிக்கு எழுதுகிற கை லாரிக்கு எழுதுகிறமாதிரியே எழுதிவிட்டது. அவளிடம் ஒன்றுமில்லை, அதனால் இவனிடமும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. திரையில் ஓடியது அந்தப் பக்கம் போகிற கணக்கில்லை. இந்தப் பக்கம் அழிகிற கணக்கு. கிரஷர் வாயில் போகும்போதே அந்தப் பெட்டியில் அர்ச்சுனன் இல்லை. முதலாளி வூட்டில் இருந்ததை இந்நேரம் துடைத்திருப்பார்கள்.

"தேவி." பல்லைத் துப்பினான். "நாந்தான் அழிச்சிட்டேன். மாத்தி அடிச்சிட்டேன். கேமரா போச்சு."

ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு நடுவே அவள் சொன்னாள், குரல் ஏறாமல்: "நீ இருக்கறியேண்ணா. இன்ஸ்பெக்டர் இங்கதான் நிக்கறாரு. கல்லு சரிஞ்சுதுன்னு எழுதி எங்கிட்டக் கையெழுத்துக் கேக்கறாங்க. போனக் குடுக்கட்டுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"யாருய்யா? சொல்லு."

"சார்..." என்றான் மாதவராஜ். வாய் தானாகத் திறந்தது. "லோடு ஏத்திட்டிருந்தனுங்க..."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லீங்க சார், அது இல்லீங்க" என்று ஆரம்பித்தபோது போன் செத்திருந்தது. சார்ஜ் இல்லை.

வாசலில் லோடர்க்காரன் கிரஷர் இரைச்சலில் எதுவும் காதில் விழாமல் முதுகைக் காட்டி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். பின்ஜன்னலுக்குக் கம்பி இல்லை. மாதவராஜ் நசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்து, இடுப்பை வைத்து ஏறி, அந்தப் பக்கம் ஜல்லிக் குவியலில் தலைகுப்புற விழுந்தான். அதே தோள். கத்தாமல் இருப்பதற்குச் சட்டைக் காலரைக் கடித்தான். எழுந்தான். குழியைச் சுற்றிக்கொண்டு, வேலிக்காத்தான் முள்ளுக்குள் புகுந்து, தருமபுரி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தான். பின்னால் ஜீப் பக்கமிருந்து தீர்த்தகிரி அவன் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

முதுகில் தூக்கி மேலே ஏற்றிவிட்டவனைக் கொன்றது தீர்த்தகிரிதான், என் கண்ணால் பார்த்தேன் என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். அர்ச்சுனனுக்கு அந்தச் சாட்சியை மாதவராஜ் இன்னும் தரவில்லை. அது பாக்கி.