ரூஃபாவின் நாற்றுகள்

கணவன் வேனியா செய்த எதையும் ரூஃபா முழுசாக நம்பியதில்லை. ஆளை நம்பினாள், அவன் கைவேலையைத்தான் நம்பவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைப் பிடுங்கி அவன் செய்த முட்டைக்கோஸ் நறுக்கி, முதல் நாளே சமையலறைச் சுவரெல்லாம் கோஸை வாரி அடித்தது. தேவாலயத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் அவளுடைய ஒரே நல்ல தலைத்துணியும் அதில் போயிற்று.

செடி வளர்க்க அவன் கட்டிய கண்ணாடிக் குடில் மட்டும் அப்படியில்லை. நகரத்தில் எல்லோரும் மரச்சட்ட ஜன்னலைக் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டிய காலத்தில், வேனியா குப்பைமேடு குப்பைமேடாக அலைந்து அந்தப் பழைய ஜன்னல்களைப் பொறுக்கிவந்தான். யெனிசேய் ஆற்றுக்கு அக்கரையில் அவர்களுக்கு இருந்த டாச்சாவின், அதாவது கோடைவீட்டின், தோட்டத்தில், அவற்றை ஒட்டுப்போட்டு ஒரு குடில் கட்டினான். கூரையில் ஒரு திறப்பு ஜன்னல். அதற்கு அடியில் பழைய டிராக்டரிலிருந்து எடுத்த எண்ணெய் சிலிண்டர். வெயில் ஏறினால் எண்ணெய் விரிந்து தண்டைத் தள்ளும், ஜன்னல் தானாகத் திறக்கும். குளிர்ந்தால் தானாக மூடும். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான்.

ரூஃபா மட்டும் மசியவில்லை. பனி விழும் இரவென்றால் அந்த ஜன்னலைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் படுப்பாள். "உன் எண்ணெய்க்கு என்ன தெரியும்? நடுவுல அது பாட்டுக்குத் திறந்துக்கிட்டா என் செடி என்ன ஆகிறது?" என்பாள். விடிந்ததும் அவளே ஏணி போட்டு ஏறி அவிழ்ப்பாள்.

இந்த வசந்தத்தில் அவிழ்க்க அவள் இல்லை. வயிற்றுவலி என்று ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் அங்கேயே கிடந்தாள். அவள் மார்ச்சில் விதைத்த தக்காளி நாற்றுகள், வெட்டிய பால் அட்டைப்பெட்டிகளில், ஃபிளாட்டின் ஜன்னல் மேடைகளை எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. போன ஆகஸ்டில் கருகல் நோய் வந்து தோட்டமே நாசமானபோது ஒரே ஒரு பழம்தான் தேறியது. அந்தப் பழத்து விதையை மிச்சம் வைக்காமல் அத்தனையையும் போட்டிருந்தாள். இருபது வருஷமாக விதை எடுத்து எடுத்து அவளே ஆக்கிக்கொண்ட வகை அது. ரோஜா நிறத்தில், உள்ளங்கை நிறைய, இனிப்பாக இருக்கும். விதை கேட்டு வந்தவர்களுக்குப் பழத்தை நறுக்கி, விதையை வழித்துவிட்டுக் கொடுத்தாளே தவிர, ஒரு விதைகூட ஒருவருக்கும் கொடுத்ததில்லை. மற்றதிலெல்லாம் தாராளமானவள், இந்த ஒன்றில் மட்டும் கடைந்தெடுத்த கருமி.

வேனியா நாற்றுகளை ரயிலில் கொண்டுபோய்க் குடிலுக்குள் வைத்தான். ரூஃபா தினமும் போனில் விசாரிப்பாள். தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

"தண்டு ஊதா நிறமா மாறியிருக்கா?"

"மாறியிருக்கு."

"வெடவெடன்னு வளர விட்டுடாத. தண்ணிய கொறச்சு ஊத்து. ஜூன்ல நான் வந்து நடறேன்."

டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கு அந்தத் தோட்டத்து மேல ஒரு பிடிப்பு இருக்கு. அத வச்சுத்தான் சாப்பிடறாங்க, எழுந்து நடக்கறாங்க. அத விட்டுடாதீங்க." அன்றிலிருந்து வேனியா ஃபிளாட்டுப் பக்கமே போகவில்லை. டாச்சாவிலேயே தங்கி, கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல நாற்றுகளைப் பார்த்துக்கொண்டான்.

மே மாதம் பாதி கடந்ததும் காட்டுச்செர்ரி பூத்தது. அது பூத்தால் ஒரு குளிர் திரும்பி வரும் என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"இன்னைக்கு ஜன்னலக் கட்டிடு," என்றாள் ரூஃபா போனில். "நல்லா முறுக்கிக் கட்டு. உன் சிலிண்டர நம்பி விட்டுடாத."

"கட்டறேன் தாயே."

கட்டினான். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. குடிலுக்குள் நாற்றுகள் பச்சைப்பசேலென்று நின்றன. தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோது போன் அடித்தது. ரூஃபாவுக்குத் திடீரென்று மோசமாகிவிட்டது, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள், உடனே வரவேண்டும் என்றார்கள். போட்ட சட்டையோடு ரயிலுக்கு ஓடினான். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

ஆபரேஷன் சீக்கிரமே முடிந்துவிட்டது. "திறந்து பாத்தோம். ஒண்ணும் பண்றதுக்கில்ல, மூடிட்டோம்," என்றார் அறுவை மருத்துவர். ரூஃபா மயக்கத்தில் கிடந்தாள். அவள் கண் விழிக்கும்வரை அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். கம்பி அவனுக்கு நினைவுக்கே வரவில்லை.

சாயங்காலம் தோட்டத்துக்கு வந்து குடில் கதவைத் திறந்தான். வேகவைத்த கீரை வாடை முகத்தில் அடித்தது. நாற்றுகள் அத்தனையும் வதங்கித் துவண்டு பெட்டி விளிம்பில் தொங்கின. வாழ்நாளெல்லாம் குளிருக்குப் பயந்து பயந்து வளர்த்த செடிகளை ஒரு பகல் வெயில் அவித்துப் போட்டுவிட்டது. அண்ணாந்து பார்த்தான். கம்பி அப்படியே இருந்தது. சிலிண்டரின் தண்டு வளைந்திருந்தது. பாவம், அது தன்னால் ஆனமட்டும் தள்ளிப் பார்த்திருக்கிறது. வேனியா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

தண்ணீர் தெளித்தான், நிழல் கட்டினான். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். ரூஃபா நாற்றைப் பற்றிக் கேட்டபோது, "ஜோரா இருக்கு," என்றான். மறுநாளும் அதையே சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

அப்புறம் அவள் கேட்டாள்: "ஆஸ்பத்திரி நாத்தம் தாங்கல. நாளைக்கு வரும்போது நம்ம செடியில ஒரே ஒரு இலை கிள்ளிட்டு வா."

வேனியா வேலிக்கு அந்தப் பக்கத்து அக்னியாவிடம் போய் நின்றான். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"அழாதீங்க, இலியிச்," என்றாள் அக்னியா, மரியாதையாக அவன் அப்பன் பெயரைச் சொல்லி. "தக்காளி இலைன்னா தக்காளி இலைதான். எல்லாத்துக்கும் ஒரே வாசனை. எங்கிட்டேர்ந்து பறிச்சுட்டுப் போங்க. அந்த மனுஷி நிம்மதியா இருக்கட்டும்."

நல்ல செழிப்பான இலையாகப் பார்த்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனான். ரூஃபா பாதியாகிப்போயிருந்தாள். இலையை வாங்கி விரலால் கசக்கி, கண்ணை மூடி, ஆழமாக மோந்தாள். முகம் மலர்ந்தது. வேனியாவுக்கு உயிர் வந்தது. பிறகு அவள் கண்ணைத் திறந்து இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது அக்னியாவோடது."

"இல்ல ரூஃபா, நம்ம..."

"நம்மதுக்கு உருளைக்கிழங்கு இலை மாதிரி அகல இலை. ஓரத்துல வெட்டே இருக்காது. இருபது வருஷம், வேனியா. ஒரு தடவகூட நீ பாக்கலயா?"

அவன் பார்த்ததில்லை. குடிலின் ஒவ்வொரு கீலும் அவனுக்குத் தெரியும், எந்தக் கண்ணாடியில் எங்கே கீறல் என்று தெரியும். செடியைப் பார்த்ததில்லை. வெட்கத்தில் தலை தொங்கியது.

"கம்பிய அவுக்கல நீ," என்றாள் அவள்.

"ஆபரேஷன்னு சொன்னாங்க. ஓடி வந்துட்டேன்."

"நான்தான கட்டச் சொன்னேன்." இலையைத் துணியில் திரும்பச் சுற்றினாள். "மொத்தமுமா?"

"மொத்தமும்."

அவள் திட்டவில்லை. ஒரு ஆணி வளைந்தாலே ஒரு வாரம் திட்டுகிறவள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நான் அவசரமா வீட்டுக்கு வரவேண்டியதில்ல," என்றாள்.

"நான் இருக்கேனே!" என்றான் வேனியா. குரல் உடைந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். "ரூஃபா, நான் இருக்கேனே அங்க!"

ரூஃபா அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீதான் தினம் இங்க வந்துடறியே," என்றாள், ரொம்பச் சாதாரணமாக. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் அவன் போனபோது சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.