காற்றுக்கு வழி

மாயவனின் காரில் கோளாறு எதுவும் இல்லை. மலை ஏறும்போதுதான் இழுவை போதவில்லை. அதற்காகத்தான் கள்ளக்குறிச்சியில் சாதுல்லாவின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

செவ்வாயும் வெள்ளியும் அவன் மனைவி செவ்வந்திக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி அவர்கள் ஊர். காலையில் இறங்குவது சுலபம். நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு துவண்டு கிடப்பவளை ஏற்றித் திரும்பும்போது, அந்தப் பழைய டர்போ டீசல் கார் வளைவுக்கு வளைவு முக்கி நின்றது. போன வாரம் பாதி வழியில், "இப்பிடி வந்து போறதுக்குப் பேசாம செத்துப் பூடலாம்," என்றாள் செவ்வந்தி. கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

சாதுல்லா மேனிபோல்டைக் கழற்றினார். டர்போ தள்ளுகிற காற்றை இன்ஜினுக்குப் பிரித்துக் கொடுக்கும் அலுமினியக் குழாய் அது. உள்ளே தார் மாதிரி கரி அப்பியிருந்தது.

"இன்னாப்பா இது, காத்து எப்பிடிப் போவும்?"

கரியைச் சுரண்டிக் கழுவினார். காற்றை மறித்து நீட்டிக்கொண்டிருந்த விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்தார். வார்ப்பில் இருந்த மேடுகளை உப்புத்தாளால் இழைத்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுக் கிரைண்டரை நிறுத்தினார்.

"வழிய இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க பாய்."

"வேணாம்பா. ஓரம் மெல்லிசா பூடும். டர்போ அழுத்தம் தாங்காது."

"அவ தாங்கணும் பாய்."

சாதுல்லா மறுபடி கிரைண்டரை எடுத்தார்.

ஐந்து தடவை கார் சிரமமில்லாமல் மலை ஏறியது. அரை மணி நேரம் மிச்சமானது. ஒரு நாள் செவ்வந்தி தானே இறங்கி நடந்து, உள்ளே போய்க் கஞ்சி கேட்டாள். அன்று மாயவன் சாதுல்லாவுக்குப் போன் போட்டு, "வண்டி நல்லாகீதுங்க" என்றான்.

ஆறாவது தடவை, வெள்ளிக்கிழமை, ஏற்றத்தின் நடுவில் பட்டென்று ஒரு சத்தம். பிறகு சீறல், கரும்புகை. எவ்வளவு மிதித்தும் கார் நகரவில்லை. குடைந்து மெலிந்த இடத்தில் மேனிபோல்டு பிளந்திருந்தது. பஸ் வர மூன்று மணி நேரமானது. அதுவரை தூறலும் குளிருமாகப் பின்சீட்டில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள் செவ்வந்தி.

சாதுல்லா வேறொரு பழைய மேனிபோல்டைத் தேடிப் பிடித்து, மலைக்கே வந்து மாட்டிக் கொடுத்தார். "உன் பேச்ச நான் கேட்டிருக்கக் கூடாதுப்பா," என்றார்.

செவ்வாய்க்கிழமை காரைக் கிளப்பி வாசலில் நிறுத்தினான். செவ்வந்தி பாயைவிட்டு எழவில்லை.

"நான் வரலங்க."

"வண்டி சரியாயிடுச்சு."

"ஆயிடுச்சு. நான் வரல."

கெஞ்சினான். திட்டியும் பார்த்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

மறுநாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. கேட்காமலே தூக்கிக் காரில் கிடத்தினான். இறக்கத்தில் இழுவைக்கு வேலை இல்லை. பிரேக்கைப் பார்த்துக்கொண்டால் போதும். கச்சிராயபாளையம் வருவதற்கு முன்பே பின்சீட்டில் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மாயவன் காரை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து பின்கதவைத் திறக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.