சைட் முழுக்கக் கேட்ட ரிப்போர்ட்

அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். டவர் கிரேன் ஓட்டுகிறேன். ஏணியில் இறங்கக் கால் மணி நேரம், திரும்ப ஏற இருபது நிமிஷம். குடலில் புண் உள்ளவன் எவனாவது இந்த வேலைக்கு வருவானா என்று கேட்டால், வந்தேன். விட மனசில்லை. இந்தப் பெட்டியைவிடப் பிடித்த இடம் எனக்கு உலகத்தில் இல்லை.

நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகிவிடும். கிளம்பினால் அடக்க முடியாது, ரத்தமும் போகும். பிறகு மாதக்கணக்கில் சாதுவாகக் கிடக்கும். ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள்போல நானும் அதுவும் எட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம். மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதால் கடைசி மூன்று வருஷம் பெரிய தொந்தரவில்லை.

ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு முன் இந்த சைட்டில் சேர்ந்தபோது, நோய் ஏதும் உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். உண்மையை எழுதினால் தரையோடு தரையாக உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். பொய்யைக் காப்பாற்றக் காலையில் பட்டினியாக ஏறுவேன். ஐந்து மணி நேரம் இறங்கவே மாட்டேன். "நம்ம உடம்பு இரும்பு" என்று பீற்றிக்கொள்வேன். சைட் எஞ்சினியருக்கு அதில் ஏகப் பெருமை. சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனுஷர். வீட்டில் அவருக்கு நான் வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி.

இந்த நோய் எட்டு வருஷத்தைத் தாண்டினால் குடலில் புற்றுநோய் வரும் ஆபத்து கொஞ்சம் கூடுமாம். அதனால் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். அன்றைக்கு ரிப்போர்ட் வரும் நாள். லீவு போட்டால் காரணம் கேட்பார்கள் என்று மனைவியை அனுப்பிவிட்டு நான் மேலே ஏறிவிட்டேன்.

பத்து மணிக்கு டீ இடைவேளை. கொக்கியில் சுமை இல்லை. இருந்தால் போனைத் தொடவே மாட்டேன். மனைவியின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"என்னங்க, டாக்டர் பக்கத்துலதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க."

"சதையில தப்பா ஒண்ணும் இல்ல. குடல் நல்லா ஆறியிருக்கு" என்றார் டாக்டர்.

சொல்வதற்கென்ன, அழுதுவிட்டேன்.

"அப்ப நான் எவ்வளவு காலம் இருப்பேன் டாக்டர்?"

"எல்லாரையும் போலத்தான். இந்த நோய் இருக்கற பெரும்பாலானவங்க மத்தவங்க அளவுக்கு வாழறாங்க. ஆனா முழுசா போயிடுச்சுன்னு நினைக்காதீங்க, திரும்பக் கிளம்பலாம். சிலருக்குக் குடலையே எடுக்க வேண்டி வரும். உங்களுக்கு இப்ப அந்தப் பேச்சே இல்ல. மாத்திரைய விடாதீங்க, சொன்ன தேதிக்கு டெஸ்டுக்கு வந்துடுங்க."

"கிரேன் ஓட்டலாமா?"

"தாராளமா. அவசரம்னா இறங்க வழி இருக்கணும், அவ்வளவுதான். உங்க சைட்ல தெரியும்ல?"

"எங்க தெரியும்! அந்தச் சிடுமூஞ்சிக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

மனைவி குறுக்கே புகுந்தாள். "டாக்டர், இவரு காலையில மூணு தடவை போயிட்டுதான் கிளம்பறாரு. பட்டினியா ஏறறாரு. கேட்டா, உடம்பைக் குறைக்கறேன்னு அங்க சொல்லி வெச்சிருக்காராம். இந்தத் தொப்பையைப் பாத்தா யாராவது நம்புவாங்களா?"

சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன். சைட்டே கையில் டீக்கப்போடு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. தரையில் நின்று எனக்குச் சைகை காட்டும் சிக்னல்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டி 'நிறுத்து, நிறுத்து' என்று காட்டினார். கொக்கியில் ஒன்றுமில்லையே, எதை நிறுத்துவது? அவர் தன் வாயைப் பொத்திக் காட்டினார். அப்போதுதான் தொடைக்கடியில் ஏதோ உறுத்தியது. வாக்கி டாக்கி! நான் நகர்ந்து உட்கார்ந்தபோதே அதன் பொத்தான் அழுந்திவிட்டது. ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் வேறு யாரும் அதில் பேச முடியாது. அதனால்தான் என்னை எச்சரிக்க ஒருத்தராலும் முடியவில்லை.

எடுத்தேன். உடனே ஒரு குரல் வந்தது.

"இறங்கி வாங்க. சிடுமூஞ்சிதான் பேசறேன்."

அவ்வளவு நீளமான ஏணியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உயிர் கெட்டி, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

எஞ்சினியர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். இரண்டாம் கிரேன் ஓட்டுகிறவர். சைட்டுக்கே அவர் அக்காதான். அவரும் இறங்கி வந்திருந்தார்.

"தம்பி, உன் குடல் நல்லா இருக்கறதுல ரொம்ப சந்தோஷம். அதை முதல்ல சொல்லிடறேன். இப்ப திட்டலாமா?"

தலையை ஆட்டினேன்.

"ரெண்டு வருஷமா நான் இறங்கணும்னு கேட்டா, 'ஒண்ணாம் கிரேன்காரர் இறங்கறாரா?'ன்னு ஒரே பதில். உன்னால நானும் காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. போன மாசம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அது சிறுநீர்ப்பையில வந்த வினை. நீ இரும்பா இருந்தா இரு. என்னை எதுக்குப்பா துருப்பிடிக்க வெச்சே?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பொய் என் வயிற்றோடு நின்றுவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். பிறகு எஞ்சினியரிடம் திரும்பினேன். "சார், நான் எழுதினது பொய்தான். என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா ரெண்டு கிரேனுக்கும் மாத்து ஆள் போடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கணும். இங்க யாரும் இரும்பு இல்ல."

எஞ்சினியர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சுமை தொங்கும்போது உங்களுக்கு வந்திருந்தா?"

"இறக்கி வெச்சிட்டுதான் சார் நகருவேன்."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டாமா?" கோபம் குரலில் இருந்தது, முகத்தில் அவ்வளவாக இல்லை. "டாக்டர் லெட்டர் வர்ற வரைக்கும் ஏறக்கூடாது. மாத்து ஆளுக்கு நான் எழுதறேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "ரிப்போர்ட் நல்லபடியா வந்ததுல சந்தோஷம்."

ஒன்பது நாள் தரையில் நின்று சிக்னல்காரருக்கு எடுபிடி வேலை செய்தேன். பத்தாம் நாள் லெட்டர் வந்தது, மாற்று ஆளும் வந்தார், நானும் ஏறினேன். ஒன்பது மணி இருக்கும். வாக்கி டாக்கியில் அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

"ரெண்டாம் கிரேன். பாத்ரூம் போகணும், இறங்கறேன்."

"போயிட்டு வாங்க" என்றார் எஞ்சினியர்.

டாக்டர் சொன்ன நல்ல செய்திக்கு அழுத எனக்கு, அதைக் கேட்டபோது மறுபடி கண் கலங்கியது. எதிர் ஏணியில் அக்கா அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.