ஐடெல் அண்ணியின் லோகஸ்ட் மரம்

எங்கள் கெண்டக்கி மலையில் லோகஸ்ட் மரத்தை விலைக்கு வாங்கி வந்து வீட்டருகே நட்டவன் என் அண்ணன் கார்பின் ஒருவன்தான். இங்கே அது களை மாதிரி. ஒன்றை வெட்டினால் வேரிலிருந்து பத்து கிளம்பும். காட்டில் இருப்பது வெள்ளையாகப் பூக்கும். நர்சரியில் விற்பது காட்டு வேரில் ஒட்டுக்கட்டிய ரோஜா நிறம். பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியே பார்க்க அப்படி ஒன்று வேண்டுமென்று ஐடெல் அண்ணி என்றைக்கோ சொல்லியிருக்கிறாள். சுரங்கத்துத் தூசி நுரையீரலை அடைத்து, வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவனுக்கு அது ஞாபகம் வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அரை நாள் குழி தோண்டினான். நான் மண்வெட்டியைப் பிடித்தேன், தங்கச்சி கையென்றும் பார்க்காமல் தட்டிவிட்டான்.

"அடுத்து என்ன, காக்கா வெலைக்கு வாங்கிட்டு வரப்போறியா?" என்று தம்பி ஹார்லிஸ் கேட்டான். கார்பின் சிரிக்கப் போய் இருமினான்.

பூவைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தான். அண்ணிக்கு மிஞ்சியவை அந்த மரமும் அவன் வளர்த்த மேபல் என்ற பெண் குதிரையும்தான். பிள்ளைகள் இல்லை. காலையில் எழுந்ததும் மேபலுக்குத் தண்ணீர், பிறகு மரத்துக்குத் தண்ணீர், அதன் பிறகுதான் தனக்குக் காப்பி. இரண்டில் ஒன்று போனாலும் இவள் தாங்கமாட்டாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன்.

நட்ட மூன்றாவது வருஷம் மே மாதத்தில் மரம் பூத்தது. கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அதே சமயம் அதன் வேர்க்கன்றுகள் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் தலை நீட்டிவிட்டன. ஜன்னலிலிருந்து தெரிய வேண்டுமென்றால் மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய அந்த இடத்தில்தான் நட முடியும். கார்பினுக்கு வேறு வழி இருக்கவில்லை. லோகஸ்ட் இலையும் பட்டையும் குதிரைக்கு விஷம். ஹார்லிஸ் வந்து பார்த்துவிட்டு மரத்தை வெட்டச் சொன்னான். அண்ணி மாட்டேன் என்றாள். குதிரையை எனக்குக் கொடு, என் மாடுகளோடு நிற்கட்டும் என்றான். அதற்கும் மாட்டேன் என்றாள்.

"ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க அண்ணி?"

"பாத்துக்கிட்டு இருப்பேன்."

ஹார்லிஸ் கெட்டவன் இல்லை. அண்ணன் பெண்டாட்டிக்கு ஒன்று என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடி வருவான். ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். சரி, மரத்துக்கு எட்டாத தூரத்தில், கொட்டகையை ஒட்டிக் குதிரைக்கு ஒரு சின்ன அடைப்பு போட்டுத் தருகிறேன் என்றான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் கல்லறை நாள். மேட்டில் புல் செதுக்க வேண்டும், கல் துடைக்க வேண்டும், பூ வைக்க வேண்டும், ஊர் ஊராகப் போன சொந்தமெல்லாம் சாப்பாட்டுக் கூடையோடு வந்து இறங்கும். அதற்குள் வேலியை முடிக்க வேண்டுமென்று ஹார்லிஸ் பறந்தான். மலை மேலே போய்க் கம்பங்கள் வெட்டி வந்து நட்டான். எங்கள் ஊரில் வேலிக்கம்பம் என்றால் லோகஸ்ட்தான், வேறு மரத்தை நட்டால் சிரிப்பார்கள். பட்டையை உரித்துவிட்டு நடுவதுதான் முறை. இவன் உரிக்கவில்லை. நேரமில்லை, தானாக உதிர்ந்துவிடும் என்றான். மாடு வளர்க்கிறவன். அவன் நட்ட வேலியை எந்த மாடும் கடித்ததில்லை.

மரத்துக்குப் பயந்து மேபலைக் கொண்டுபோய் அதே மரத்தால் செய்த வேலிக்குள் அடைத்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிறு காலை அண்ணி ரோஜா நிறக் கொத்துகளைக் கை நிறைய ஒடித்துக்கொண்டு வந்து கார்பின் கல்லின் மேல் வைத்தாள். "இந்தா, நீ வாங்குனது," என்று மெதுவாகச் சொன்னாள். பாதிரியார் நீளமாகப் பேசினார். அப்புறம் மேட்டிலேயே நிழலில் கோழி வறுவல், பீன்ஸ், சோள ரொட்டி. அவள் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அந்தச் சின்ன அடைப்பில் இருந்த புல் முந்தின நாளே தீர்ந்துவிட்டதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் இறங்கி வந்தபோது மேபல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கால்கள் சில்லிட்டிருந்தன. மாட்டு டாக்டர் வந்து மூக்கு வழியாக மருந்து இறக்கினார். இதயம் தாறுமாறாக அடிக்கிறது, காலையில் பார்க்கலாம் என்று போனார். விடிந்து டாக்டர் திரும்பி வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், அண்ணியின் மடியில் தலை வைத்தபடி அது அடங்கியது.

கொட்டகை வாசலில் நின்றிருந்த ஹார்லிஸ் விறுவிறு என்று போனான். இயந்திர ரம்பம் உறுமுவது கேட்டது. நான் ஓடினேன். நான் போய்ச் சேரும்போது மரம் பூவோடு தரையில் கிடந்தது.

"அப்பவே சொன்னேன்ல அக்கா. கேட்டாங்களா? குதிரைய இதுதான் கொன்னுச்சு," என்றான். அழுதுகொண்டிருந்தான்.

டாக்டர் பின்னாலேயே வெளியே வந்தார். அவர் எங்கள் பக்கம் வரவில்லை. வேலியோரமாக நடந்து ஒரு கம்பத்தருகே நின்று எங்களைக் கூப்பிட்டார். குதிரையின் வாய் எட்டும் உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்து வெள்ளைக் கட்டை தெரிந்தது. அடுத்த கம்பத்திலும் அப்படியே. பல் பதிந்திருந்தது.

"இத நட்டது யாரு?" என்று கேட்டார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த ரம்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. அண்ணி கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். முதலில் கம்பத்தைப் பார்த்தாள், பிறகு விழுந்து கிடந்த மரத்தை. எனக்கு என் தம்பியை அடித்துக் கொல்லலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மறுநாள் மேபலைப் புதைத்த கையோடு அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலியைப் பிடுங்க வந்தான். முதல் கம்பத்தை அசைக்கும்போதே அண்ணி வெளியே வந்துவிட்டாள்.

"விடு ஹார்லிஸ்."

"இல்ல அண்ணி, கண்ணு முன்னாடி இது வேண்டாம். பிடுங்கி எரிச்சிடறேன்."

"அவரு நட்டதுதான் போச்சு. நீ நட்டதாவது நிக்கட்டும். நாளைக்குக் காலையில வா, உரிக்காம விட்டதெல்லாம் உரிச்சிட்டுப் போ. நான் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்."