திமிங்கிலத்தின் காது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கோணல் ஓரத்திலிருந்து பிறந்தது. லெய்டன் நகரத்துக் கால்வாயோரச் சந்தையில் நான் வாங்கிய, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படம்: கரையொதுங்கிய திமிங்கிலம், அதன்மேல் ஏறி நிற்கும் தொப்பிக்காரர்கள். மற்ற ஓரமெல்லாம் ஒழுங்காக இருக்க, இடது ஓரத்தில் மட்டும் கத்தி வழுக்கியிருந்தது. ஏதோ புத்தகத்திலிருந்து வெட்டிய தாள். போதாக்குறைக்கு, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காது. திமிங்கிலத்துக்கு ஏதய்யா காது?

வெட்டச் சொன்னது யார் என்று தெரியவில்லை. அதனால்தான் லீஸ்பெத்தைப் படைத்தேன்.

2

[முதல் தொடக்கம்: “கடல் அன்று அமைதியாக…” வேண்டாம். கதை நடப்பது கடையில். கடலுக்கு இங்கே வேலையில்லை.]

லீஸ்பெத் பல் டாக்டர். (முதலில் விதவையாக்கி வைத்திருந்தேன். படம் சேர்க்கத் துக்கம் எதற்கு? ஆசை போதாதா?) காது வைத்த திமிங்கிலங்களாகத் தேடித் தேடி வாங்குகிறவள். அந்தக் காலத்தில் இப்படிப் படம் செதுக்கியவர்களில் பலர் திமிங்கிலத்தைக் கண்ணால் கண்டதில்லை. முந்தையவன் படத்தைப் பார்த்து அப்படியே செதுக்கினார்கள். அப்படியானால் முதல் காதை வைத்தவன் எவன்? இந்தக் கேள்வி அவளைப் பல வருடமாகக் குடைந்துகொண்டிருந்தது.

3

சனிக்கிழமை, கெர்பனின் கடை. பழைய புத்தகங்களைத் தாள் தாளாக வெட்டி, படங்களைத் தனித்தனியே விற்கிறவர் அவர். ஆனால் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தை முதலில் பார்க்கிற ஆள் “வெட்டு” என்று சொல்லாமல் கத்தியைத் தொடமாட்டார்.

“வாங்க டாக்டரம்மா. உங்க மீன் வந்திருக்கு.”

“மீன்னு சொன்னீங்கன்னா பல்லைப் புடுங்கிடுவேன்.”

“இருக்கறதே நாலு. அதையாவது விட்டுவைங்க.”

புத்தகத்தை விரித்தார். அவளிடம் உள்ள எல்லாவற்றையும்விடப் பழையது. வலப்பக்கத்தில் அதே திமிங்கிலம், அதே இடத்தில் காது. லீஸ்பெத் தாளை வெளிச்சத்தில் சாய்த்தாள். காதில் செதுக்கிய கோடே இல்லை. வெறும் பழுப்புக் கறை. எதிரே இடப்பக்கத்தில் எழுத்து மட்டுந்தான். அங்கேயும் அதே உயரத்தில், அதே வடிவத்தில், மங்கலாக இன்னொரு கறை.

“கெர்பன்! இது காதே இல்ல. எவனோ சாப்பிட்டுக்கிட்டே படிச்சு, சிந்தினதோட மூடி வெச்சிருக்கான்!”

“பட்டாணி சூப்பா இருக்கும்.”

“சிரிக்காதீங்க. இந்தப் புத்தகத்தைப் பாத்துத்தான் அடுத்தவன் செதுக்கியிருக்கான், கறையையும் சேத்து! அவனைப் பாத்து இன்னொருத்தன்… என் வீட்டுச் சுவர் முழுக்க சூப்புதான் தொங்குது!”

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“அப்போ வெட்டவா?”

“எதிர்ப்பக்கத்தையும் சேத்துக் குடுங்க.”

“அதெப்படி? அந்தத் தாளோட முதுகுலதான் நண்டு இருக்கு. நண்டுப் படம் சேக்கறவர் தவமா தவம் கிடக்கறார்.”

“வேண்டாம்னு சொன்னா?”

“முழுசா ஏலத்துக்குப் போயிடும். அப்புறம் எவன் கைக்கோ!”

(புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமே என்கிறீர்கள். நீங்கள் எதையும் சேகரித்ததில்லை போல.)

லீஸ்பெத் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெட்டினால் திமிங்கிலம் அவளுடையது, ஆனால் கறை மறுபடியும் காதாகிவிடும். எதிர்ப்பக்கம் இல்லாமல் யார் நம்புவார்கள்? வெட்டாவிட்டால் சாட்சி பிழைக்கும். இவள் அதை இனிப் பார்க்கவே முடியாது.

4

முடிவு ஒன்று: “வேண்டாம்” என்கிறாள். ஏலத்தில் எடுத்தவன் மறுநாளே வெட்டுகிறான். கோடு போட்டு அடித்துவிட்டேன், அவளை இப்படி வதைக்க எனக்கென்ன கோபம்?

முடிவு இரண்டு: “வெட்டுங்க” என்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் “இது சூப்பு” என்று சொல்லிக்கொண்டே கிழவியாகிறாள்.

முடிவு மூன்று: கத்தியைத் தானே வாங்கி, லீஸ்பெத்

(என் கை இதற்குமேல் போகவில்லை.)

5

நேற்று என் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, அவளைப் போலவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கோடே இல்லை. பழுப்புக் கறை. அந்த முதல் தாளேதான்.

ஆக, யாரோ ஒருவர் “வெட்டு” என்று சொல்லியிருக்கிறார். லீஸ்பெத்தின் வாயால் அதைச் சொல்லவைக்க எனக்கு மனமில்லை. அவள் மறுத்தாலோ என் சுவரில் படமில்லை, உங்கள் கையில் கதையும் இல்லை. நல்ல சிக்கலில் மாட்டிக்கொண்டேன். கெர்பன் இன்னும் காத்திருக்கிறார். பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அதற்குமுன் ஒரு வேலை. உங்கள் வீட்டில் பழைய நண்டுப் படம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து அதைத் திருப்பி, பின்னால் மங்கலாக ஒரு கறை இருக்கிறதா என்று பாருங்கள்.