ஆணி அடிக்கிற சோலி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எண்பத்து நான்கு ஐப்பசியில், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த பஸ், பாதையில் மண் சரிந்து கிடந்ததால் நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் மப்ளர் சுற்றிய ஒருவர். பேர் மனுவேல். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"சட்டம் மாறுதுன்னு சின்ன முதலாளிங்களுக்குப் போய்ச் சொல்றதுங்க. அவங்களைத் தயார் பண்றது."

"கேட்டுக்கிறாங்களா?"

"நல்லாக் கேட்டுக்கிறாங்க. அதான் அலுப்பா இருக்கு."

என் பையில் அப்போது வேறொரு கதை பாதியில் இருந்தது: மலை, பனி, பிரிந்துபோன இருவர். மண்ணை அள்ளி முடிக்கும்வரை மனுவேல் பேசினார். பஸ் நகர்ந்தபோது என் பனிக் கதையை மறந்துபோயிருந்தேன்.

தொடக்கம் இப்படி எழுதிப் பார்த்தேன்:

[பேரிக்காய்க்கு வாய் இருந்தால் அது]

வேண்டாம். காய்க்கெல்லாம் வாய் கொடுக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

[ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான ஊதியம் வழங்குவதற்கு வகைசெய்யும்]

இது கெஜட். இதைப் படிக்கத்தான் சம்பளம் கொடுத்து மனுவேலை வைத்திருந்தார்கள். மூன்றாவதாக ஒரு வரி வந்தது. சாதாரண வரி. ஆனால் நின்றது.

2

மனுவேலுக்கு முழங்கால் வலித்தது. கொடைக்கானலில் எந்தக் கடைக்குப் போவதென்றாலும் ஒரு ஏற்றம், இல்லாவிட்டால் ஒரு இறக்கம். எழுபத்தாறாம் வருஷம், பேரிக்காய் சீசன். லாட்ஜ்காரர்கள், பேக்கரிக்காரர்கள், காய் ஏற்றுமதி செய்கிறவர்கள் என்று ஊரிலிருந்த சின்ன முதலாளிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்த மனுவேலுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் அவரைச் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளர் சட்டம் எது புதிதாக வந்தாலும் படித்து, கடை கடையாகப் போய்த் தமிழில் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அந்த வருஷங்களில் சட்டம் வந்துகொண்டே இருந்தது. மனுவேல் ஒன்றைச் சொல்லி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். யாரும் அவரை விரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். தலையாட்டினார்கள். "நல்ல சட்டம்தான் சார்" என்றார்கள். சொல்லிவிட்டுச் செருப்பு மாட்ட அவர் குனியும்போது மெதுவாகக் கேட்டார்கள், இதிலிருந்து எப்படித் தப்புவது என்று.

அந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. வருஷங்கள் போகப் போக, சட்டத்தைவிட அந்தப் பதில்தான் அவருக்கு நன்றாக மனப்பாடமாகியிருந்தது.

3

கித்தேரியம்மாளின் கொட்டகை பூம்பாறைக்குப் போகிற ரோட்டில் இருந்தது. பேரிக்காயைத் தரம் பிரித்து, வைக்கோல் வைத்து, மரப்பெட்டியில் அடுக்கி, மூடிப் பலகைக்கு ஆணி அடித்து மதுரைக்கு அனுப்புகிற இடம். புருஷன் இறந்த பிறகு தோப்புக் குத்தகையையும் கொட்டகையையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பெண்கள் காய் பிரித்தார்கள். பழனிமுத்துவும் இன்னொருவனும் ஆணி அடித்தார்கள். அவர்களோடு சேர்ந்து முருகம்மாளும் ஆணி அடித்தாள்.

முருகம்மாள் பூம்பாறைக்காரி. முந்தின வருஷம் ஆள் குறைந்த ஒரு நாளில் சுத்தியலைக் கையில் எடுத்தவள், அப்புறம் கீழே வைக்கவில்லை. கூலி மட்டும் காய் பிரிக்கிற கூலிதான்.

(முதல் வரைவில் கித்தேரியம்மாளைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதை சுலபமாக ஓடியது. மனுவேல் சொன்ன பெண் அப்படி இல்லை என்பதால் அடித்துவிட்டேன்.)

மனுவேல் சம கூலிச் சட்டத்தைச் சொல்லி முடித்தார். கித்தேரியம்மாள் முருகம்மாள் இருந்த பக்கம் பார்த்தாள்.

"அப்ப அவளுக்கும் பழனிமுத்து கூலியா சார்?"

"அதே வேலைன்னா அதே கூலிதான்மா."

"ஆம்பளைங்க கூலியக் கொஞ்சம் கொறச்சு, ரெண்டையும் ஒண்ணாக்கிப்புட்டா?"

"கூடாது. அதையும் சட்டத்துல எழுதிட்டாங்க."

"போன வாட்டி மழையில பாதிக் காய் தோப்புலயே அழுகிப்போச்சு. ஒங்களுக்குத் தெரியாததா? நான் எங்க சார் போவேன்?"

மனுவேல் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆணி அடிக்கிற சோலிய ஆம்பளைங்களுக்கு மட்டும்னு வச்சுக்கங்க. அவ காயப் பிரிக்கட்டும். வேலை வேறயானா கூலியும் வேற. யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

[இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. மனசுக்குள்]

இல்லை. பஸ்ஸில் நானே கேட்டேன், சொல்ல வருத்தமாக இருந்ததா என்று. "யோசிக்கவே இல்லைங்க. அன்னைக்கு வெள்ளனே ரெண்டு எடத்துல அதையே சொல்லிட்டுத்தான் அங்க போனேன்" என்றார். அதனால் தழுதழுப்பை எடுத்துவிட்டேன்.

4

மனுவேல் சொன்னதை முருகம்மாள் கேட்டுவிட்டாள். சுத்தியலோடு எழுந்து வந்தாள்.

"சார், நான் அடிச்ச பெட்டி எதுவும் வழியில பிரிஞ்சு போச்சா?"

"அப்படி யாரும் சொல்லலைம்மா."

"பெறகு எதுக்கு என்னைய வேண்டாங்குறீங்க?"

"ஒனக்குக் கூலி கூட்டிக் குடுக்கணும்னு சட்டம் வந்திருக்கு. அதான்…"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. முருகம்மாள் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. சுத்தியலைப் பழனிமுத்துவின் பக்கத்தில் வைத்துவிட்டுக் காய்க் குவியலுக்குப் போய்விட்டாள். பழனிமுத்து தலையைத் தூக்கவில்லை.

அந்தச் சிரிப்பு தன்னோடு ஏரி வரைக்கும் இறங்கி வந்ததாக மனுவேல் சொன்னார்.

* எழுதிக்கொண்டு வரும்போது ஒன்றைக் கவனித்தேன். மனுவேல் வந்தார், சொன்னார், போனார். முருகம்மாள் வந்தாள், கேட்டாள், சிரித்தாள். பேச்சில் 'ம்மா' போட்டு மனுவேல் காட்டுகிற மரியாதைகூட என் விகுதியில் இல்லை. ஒரே கதையில் நடமாடுகிறவர்கள்; ஒருவருக்கு 'ஆர்', மற்றவருக்கு 'ஆள்'. எந்தச் சட்டமும் என்னைக் கேட்கப்போவதில்லைதான். இருந்தாலும் இனி எல்லோருக்கும் 'ஆர்' போடுகிறேன். உங்கள் காதுக்குக் கொஞ்சம் உறுத்தும். என் கைக்கும் உறுத்துகிறது.

5

சில நாள் கழித்து, கித்தேரியம்மாள் அவசரமாக வரச் சொல்லி மனுவேலுக்கு ஆள் விட்டார். பாச்சலூரில் ஒரு சாவு. ஆணி அடிக்கிற இரண்டு பேரும் உறவு என்று போய்விட்டார்கள். சாயந்தரத்துக்குள் லாரி வந்துவிடும். காய் பழுத்துக்கொண்டிருந்தது, கொட்டகைக்குள் நுழையும்போதே இனிப்பு வாசம் முகத்தில் அடித்தது.

"இவங்களைக் கொஞ்சம் கேளுங்க சார்," என்றார் கித்தேரியம்மாள்.

முருகம்மாள் குவியலை விட்டு நிமிரவில்லை. "அடிக்கிறேன்னுதான் சொல்லுறேன். அடிச்சா ஆணி அடிக்கிற கூலி. சீசன் முடியுற வரைக்கும்."

கித்தேரியம்மாள் மனுவேலைப் பார்த்தார். ஒருநாள் மட்டும் அடித்தால் அது வேறு வேலை, அவசர வேலை, உதவி வேலை என்று ஏதாவது இருக்குமா? மனுவேலுக்கு அப்படி இரண்டு மூன்று தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தன. ஆனால் சொல்வதற்கு அன்றைக்கு அவரிடம் தெம்பு இல்லை. இரக்கமா, நியாயமா என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். "அலுத்துப்போச்சுங்க" என்றுதான் அவர் சொன்னார்.

"இவங்க அடிச்சா அது அதே வேலைதாம்மா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை."

"அப்ப நீங்க எதுக்கு சார் இருக்கீங்க?"



கித்தேரியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுத்தியலைத் தானே எடுத்தார். முதல் ஆணி வளைந்தது. அடுத்தது பலகையைப் பிளந்தது. பெண்கள் பிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூடி கோணலாக உட்கார்ந்தது. அடுத்த பெட்டியில் சுத்தியலை விரலில் போட்டுக்கொண்டார். "மாதாவே" என்று முனகி, விரலை வாயில் வைத்தபடி மறு கையால் திரும்பவும் அடித்தார். பார்க்க முடியாமல் மனுவேல் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பிடிக்கத் தெரியவில்லை.

அப்படியே கொஞ்ச நேரம் போனது. காய் மலையாகக் கிடந்தது.

"இந்தாங்க," என்று சுத்தியலை நீட்டினார் கித்தேரியம்மாள்.

முருகம்மாள் வாங்கவில்லை. "கூலி?"

"அதான் இந்தாங்கன்னுட்டேனே. சார் சாட்சி. வெரசா அடிங்க, லாரி வந்துரும்."

முருகம்மாள் முதலில் அந்தக் கோணல் மூடிகளைப் பிரித்தார். பிறகு அடித்தார். லாரிக்காரர் வந்து ஹாரன் அடித்தபோது கடைசிப் பெட்டி அவர் காலிடுக்கில் இருந்தது.

6

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. நிறுத்தத்தான் நினைத்தேன்.

ஆனால் மனுவேல் மேற்கொண்டும் சொல்லிவிட்டார். அந்த சீசன் முழுக்க முருகம்மாளுக்கு ஆணிக் கூலி கிடைத்தது. பாச்சலூரிலிருந்து திரும்பி வந்த பழனிமுத்து, முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் பேசினார். அடுத்த வருஷம் கொட்டகை திறக்கவில்லை. மதுரை வியாபாரி ஒருவரிடம் காயை மரத்தோடு விற்றுவிட்டார் கித்தேரியம்மாள். வியாபாரியின் ஆட்கள் கீழேயிருந்து வந்து பறித்துப் போனார்கள். முருகம்மாள் பூம்பாறையில் பூண்டு வயலுக்குப் போனார். அங்கே ஆணி அடிக்க ஒன்றுமில்லை.

"அந்தக் கூலியாலதான் மூடுனாங்களா?" என்று கேட்டேன்.

"மழையா, வெலையா, கூலியா… அவங்களும் சொல்லலை. நானும் கேக்கலை. முருகம்மாளைப் பெறகு ஒரு தடவ சந்தையில பாத்தேன். 'ஒரு சீசன் வாங்குனேன்ல சார்'னாங்க. சந்தோசமாச் சொன்னாங்களா, குத்திக் காட்டுனாங்களா, இன்னும் தெரியலைங்க."

[ஆகவே சட்டம் என்பது]

வேண்டாம்.

7

நாள் வரிசையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துகிறேன். லாரி போன மறுநாள் காலை. மனுவேல் சிலுவைராஜின் பேக்கரிக்குப் போனார். உள்ளே நான்கு பேர் ஒரே மேசையில் மாவு பிசைகிறார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண். சட்டத்தைச் சொல்லி முடித்தார். நல்ல மனிதரான சிலுவைராஜ் சூடான பன் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்க சார்" என்றார்.

பேச்சு இந்த இடத்துக்கு வந்தபோதுதான் பஸ் புறப்பட்டது. மனுவேல் மப்ளரை இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். வத்தலக்குண்டு வரை பக்கத்திலேயேதான் இருந்தேன், எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி நான் எழுதினால் அது நான் கட்டிவிட்ட மனுவேலாக இருக்கும். அவரை நான் நல்லவராக்கிவிடுவேன்.

அதனால் நீங்கள் உள்ளே போங்கள். மனுவேலாக வேண்டாம், அது சுலபம். மேசைக்கு அந்தப் பக்கம், முழங்கை வரை மாவோடு நிற்கிற அந்த இரண்டு பெண்களில் ஒருவராக நில்லுங்கள். கை பிசைந்துகொண்டே இருக்கட்டும். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டீர்கள். சார் பன்னைப் பிட்டு, மென்று, விழுங்குகிறார். வாயைத் திறக்கிறார். அவர்