ஒற்றைக் குஞ்சுப்பூ

“ஒண்ணு மட்டும்தானா கொண்டு வந்தே?”

பெரியண்ணி கேட்டபோதுதான் காதோரம் செருகியிருந்த பூ பூனைக்கு நினைவு வந்தது. வாய்க்கால் கரையில் ஆசைக்குப் பறித்தது. அதோடு அப்படியே வாசற்படி தாண்டிவிட்டாள். சத்தமே இல்லாமல் நடப்பதால் அண்ணன்கள் அவளுக்கு வைத்த பெயர் பூனை. இன்றைக்கு அந்த நடையே வினையாகிவிட்டது. கொஞ்சம் சத்தம் போட்டு வந்திருந்தால் யாராவது வாசலிலேயே தடுத்திருப்பார்கள்.

கோழி வளர்க்கிற வீடு அது. பனி விலகியதும் கரையில் முதலில் தலைகாட்டுவது குஞ்சுப்பூதான். கோழிக்குஞ்சின் அதே இளமஞ்சள். இதழைக் காய்ச்சி இருமலுக்குக் குடிப்பார்கள். இலையை அரைத்துத் தீப்புண்ணில் அப்புவார்கள். பிறந்ததும் இறந்துபோகும் பிள்ளைகளின் குழியில் தூவுவதும் அதைத்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதன்முதலாக வீட்டுக்குள் நுழையும்போது கை நிறைய நுழைய வேண்டும். எத்தனை பூ வருகிறதோ, அடை வைத்ததில் அத்தனைதான் பொரியும். மிச்சமெல்லாம் கூமுட்டை.

அந்தக் கணக்கு கோழிக்கு மட்டும்தானா என்பது பெரியண்ணியின் பயம். அவளும் மாசமாக இருந்தாள், சின்னண்ணியும் மாசமாக இருந்தாள். பெரியண்ணி ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள்.

“ஓடிப்போய் ஒரு கை அள்ளிட்டு வாடி!” என்று அம்மா பதறினாள்.

“முதல்ல வந்ததுதான் கணக்கு. நீங்க சொன்னதுதானே, அத்தை?” என்றாள் பெரியண்ணி.

சின்னண்ணி சிரித்தாள். “என்னக்கா நீ? நாம என்ன அடைக்கோழியா? கொக்கொக்குனு கத்திக் காட்டவா?”

“உனக்கென்னடி, முதல் பிள்ளை” என்றாள் பெரியண்ணி. அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோழிக்கூட்டருகே உட்கார்ந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். தீனி போடப் போகும் பூனைக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். அண்ணி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. “தண்ணி வச்சியா?” என்று மட்டும்தான் கேட்பாள்.

ஒரு மத்தியானம் பூனையும் சின்னண்ணியும் முட்டை துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணி ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து சின்னண்ணியின் மடியில் வைத்தாள். அவள் தைத்திருந்த குழந்தைச் சட்டைகள்.

“வச்சுக்கோ. உனக்கு ஆகும்.”

“ரெண்டு பிள்ளைக்கும்னுதானேக்கா தைச்சே?”

“ஒரு பிள்ளைக்குப் போதும்.”

சின்னண்ணி ஒரு சட்டையை விரித்தாள். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பெரியண்ணி எழுந்து போன பிறகும் அதை மடிக்காமல் வைத்திருந்தாள்.

சாயங்காலம் அம்மா கோழிக்குத் தவிடு பிசையும்போது சின்னண்ணி பக்கத்தில் போய் நின்றாள்.

“அத்தை, அந்தப் பூக்கணக்கு இந்தக் கூரைக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு மட்டும்தானா? நான் எங்கம்மா வீட்ல போய்ப் பெத்துக்கிட்டா?”

“அது வேற வீடு, வேற கணக்கு.” அம்மாவின் கை நின்றது. “இதையெல்லாம் நீ நம்ப மாட்டியேடி?”

“இப்பவும் நம்பலை. அக்கா நம்புறாளே.”

“உங்கம்மாவே படுத்த படுக்கையா கிடக்கிறாங்க. அங்க உன்னை யாரு பார்ப்பா?”

சின்னண்ணி கீழே சிந்திய தவிட்டைக் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் காலையில் சின்னண்ணன் பையோடு தெருவில் நின்றான். சின்னண்ணி அந்தத் துணி மூட்டையைப் பெரியண்ணியின் கட்டிலில் வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தாள். கூட்டுப் பக்கமிருந்து பெரியண்ணி வேகமாக வந்தாள்.

“ஏய், எங்கடி கிளம்பிட்டே? அங்க யாருடி இருக்கா உனக்கு?”

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். சின்னண்ணி அவள் வயிற்றின்மேல் கையை வைத்தாள். பூனை ஓடிப்போய் வேலிப் படலைத் திறந்துவிட்டாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சின்னண்ணி படியிறங்கிப் போனாள்.